அளவுச் சட்டை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். மடியில் பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு சட்டையின் கதை சொல்கிறேன். நடுவில் கொஞ்ச நேரம் எல்லாம் கெட்டுப்போகிற மாதிரி இருக்கும், பயந்துவிடாதீர்கள். நல்லபடியாக முடிகிற கதைதான். இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வேனா?

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது, வருகிறது என்று மலாக்கா முழுக்க அதே பேச்சாக இருந்த வருஷம் அது. காப்பிக் கடையில் அதே பேச்சு, மீன் வாங்கப் போனால் அங்கேயும் அதே பேச்சு. பூங்காவனத்துக்கு மட்டும் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தெங்கேராவில் அடுத்தவர் வீட்டில் இருக்கிற அவள் மகள் சீதா, அவளோடு வந்து இருக்க வேண்டும்.

பூங்காவனம் ரப்பர் தோட்டத்துக்காரி. மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டினவள். புருஷன் மேல் மரம் சாய்ந்து அவன் போனதும், கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். துணி மூட்டையைத் தலையிலும் மகளைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்தாள். தெங்கேராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. விடியும் முன்னே போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். அதுவரைக்கும் பிள்ளையை யார் பார்ப்பது? வருகிற கூலியில் ஒரு வயிறு நிறைவதே பாடு.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை வேண்டும் என்றார்கள். மூன்று வேளைச் சோறு, தீபாவளிக்குத் துணி என்றதும் சீதாவை அங்கே விட்டாள். கெட்ட மனுஷர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடித்ததில்லை, திட்டினதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் போய்ப் பின்வாசல் கதவைத் தட்டினால், இடுப்பில் அந்தக் குழந்தையோடு சீதா வந்து நிற்பாள். அம்மாவைக் கட்டிக்கொள்ள ஒரு கைதான் மிச்சமிருக்கும். அதுதான் பூங்காவனத்துக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நான் எப்ப வீட்டுக்கு வர்றது?"

"வந்துடலாம்டா. அம்மா தையல் கத்துக்கிறேன்ல."

ஆமாம், தையல் வகுப்பு. ஊரில் இருந்த ஒரு மாதர் சங்கம் கைத்தொழில் இல்லாத பெண்களுக்காக காஜா பேராங்கில் அதை நடத்தியது. கம்போங் செட்டி என்கிற செட்டிமார் குடியிருப்புக்குள் நுழைகிற வழியில் ஒரு பழைய வீட்டின் முன்கூடம். மிதிக்கிற மெஷின் மூன்று. துணி வெட்ட ஒரு நீளப் பலகை. விளக்கு வைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் வகுப்பு. வந்தவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் கை ஒடிந்த பெண்கள். ஒருத்திக்குப் புருஷன் செத்திருந்தான், ஒருத்திக்கு ஓடிப்போயிருந்தான், ஒருத்திக்குப் படுத்த படுக்கையாகக் கிடந்தான். கண்ணம்மா என்று ஒருத்தி, பூங்காவனத்தோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள். கப்பல் ஏறிப்போய்த் திரும்பாத தன் புருஷனைப் பற்றி யாராவது கேட்டால், "அந்தாளு போனதுல மூட்டைப்பூச்சியும் கூடப் போயிடுச்சி, லாபந்தான்" என்பாள். அவள் வாய் அப்படி.

சொல்லிக்கொடுத்தது சிவகாமசுந்தரி டீச்சர். பெயரைக் கேட்டால் தமிழ் அருவி மாதிரி கொட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. அவர் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து மலாயே வீட்டுப் பேச்சாகிவிட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங்கும் கெபாயா என்கிற மேல்சட்டையும், வாயில் மலாய். இவர்கள் தோட்டத்து மலாயில் பேசுவார்கள், அவர் செட்டி மலாயில் பேசுவார். மிச்சத்தைக் கையும் கத்தரிக்கோலும் பேசிக்கொள்ளும். பூங்காவனம் முதல் நாள் மெஷினில் கால் வைத்ததும் சக்கரம் பின்பக்கமாக ஓடி, நூலெல்லாம் சிக்கிக் குருவிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. அவள் கண் கலங்கிவிட்டாள்.

"பெலான்-பெலான்" என்றார் டீச்சர். மெல்ல, மெல்ல. அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

"பால் வெட்டின கை டீச்சர். மெஷினு பயந்துடுச்சி" என்றாள் கண்ணம்மா.

ஆனால் அந்தக் கைதான் சீக்கிரம் படிந்தது. மரத்துக்குக் காயம் படாமல் மேல்பட்டையை மட்டும் சீவத் தெரிந்தவளுக்குத் துணியில் கோடு பிசகாமல் கத்தரி ஓட்டுவது பெரிய காரியமா? நாலைந்து மாதத்தில் பாவாடை, ரவிக்கை, தலையணை உறை எல்லாம் வந்துவிட்டது. பெட்டியில் கிடந்த சீதாவின் பழைய கவுனை அளவு வைத்து ஒரு புதுக் கவுனும் தைத்து வைத்துக்கொண்டாள். மகள் வீட்டுக்கு வருகிற நாளைக்கு என்று.

ஒரு நாள் சங்கத் தலைவி அம்மா வந்தார். நல்ல மனுஷி, ஆனால் நேராகப் பேசுகிறவர்.

"மெர்டேக்கா முடிஞ்சதும் இந்த மெஷினையெல்லாம் குருபோங் பக்கம் அனுப்பலாம்னு யோசிக்கிறோம். அங்கயும் பெண்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க வெளி வேலை எடுத்து, நல்லபடியா முடிச்சுக் கொடுத்து, இந்த வகுப்பு சொந்தக் கால்ல நிக்கும்னு காட்டினீங்கன்னா மெஷின் இங்கயே இருக்கட்டும். அதுல வர்ற வரும்படி உங்களுக்கு."

அவர் போனதும் பூங்காவனம் தான் உட்கார்ந்திருந்த மெஷினின் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். மெஷின் போனால் தையல் போச்சு. தையல் போனால் தட்டுக் கழுவுவதுதான். தட்டுக் கழுவினால் சீதா அந்தப் பின்வாசலிலேயே வளர்ந்து பெரியவள் ஆகிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் வேலாயுதம் மண்டோர் வந்து சேர்ந்தார். ரோட்டுக்குத் தார் போடும் கூட்டத்துக்கு மேலாள் அவர். மெர்டேக்கா ஊர்வலத்தில் தம் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். துணியும் வாங்கிவிட்டார். ஆனால் டவுனில் எந்தத் தையல்காரர் கையும் காலியாக இல்லை, ஊரே புதுத் துணி தைத்துக்கொண்டிருந்தது.

வாசலிலேயே நின்றார். "பொம்பளைங்க தைப்பீங்களா ஆம்பளைச் சட்டை?"

"ஆம்பளைச் சட்டைக்கு என்ன கொம்பா இருக்குது? ரெண்டு கை, ஒரு கழுத்து" என்றாள் கண்ணம்மா.

மண்டோருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி. கெட்டுப்போனா வேற துணி கிடையாது. எங்க ஆளுங்க காசு சேர்த்து வாங்கினது, பார்த்துக்குங்க."

டீச்சர் உடனே அளவு டேப்பை எடுத்து பூங்காவனத்தின் கையில் கொடுத்தார். ஆட்களை வரச் சொல், அளவெடு என்றார். பூங்காவனம் டேப்பைத் தேளைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பெண்களும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்நிய ஆம்பளை மார்பைச் சுற்றி டேப்பு வைப்பதா? புருஷன் இல்லாத பெண்கள் வேறு. அந்த ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குச் சேதி போனால் என்ன ஆகும்?

"நம்ம பக்கத்துல அளவுச் சட்டை கொடுக்கறதுதான் வழக்கம் டீச்சர்" என்றாள் பூங்காவனம். "ஆளுக்கொரு சட்டை கொண்டாந்து கொடுக்கட்டும். அத வச்சுத் தைச்சிடலாம்."

மண்டோருக்கும் அதுதான் பிடித்திருந்தது. "அதான் மரியாதை" என்றார்.

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். "பாடான் லாயின், பாஜு லாயின்." உடம்பு வேறே, சட்டை வேறே. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை என்றதும் விட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து சட்டைகள் வரத் தொடங்கின. ஒரே நாளில் எல்லாம் வரவில்லை. இன்றைக்கு ஒருத்தர், இரண்டு நாள் கழித்து இன்னொருத்தர் என்று, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு பெண் பொறுப்பெடுத்துக்கொண்டாள். டேப்பில் இருக்கிற எண்ணை விட நூலில் போடுகிற முடிச்சைத்தான் அவர்கள் நம்பினார்கள். தோளுக்கு ஒரு நூல், மார்புக்கு ஒரு நூல், கைக்கு ஒரு நூல். அளந்து முடிச்சுப் போட்டதும், வந்தவர் வாசலிலேயே நின்று கையோடு சட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். "ஒண்ணும் நினைக்காதீங்க, உடனே வேணும்" என்பார் ஒவ்வொருத்தரும்.

பெண்களுக்கு ஆச்சரியம். வந்த சட்டையெல்லாம் அவ்வளவு சுத்தம். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல்.

"தார் ஊத்தற ஆளுங்களா, கோயில் குருக்களா?" என்றாள் கண்ணம்மா. "எனக்கு ஒருத்தன் வாய்ச்சானே, அவன் வேட்டியப் பார்த்தா மாட்டுக் கொட்டாய் சாக்கு மாதிரி இருக்கும்."

பூங்காவனம் எடுத்துக்கொண்டது மண்டோரின் சட்டையை. பிரித்து விரித்தவள் ஒன்றைக் கவனித்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் பழுப்பு. மற்றதெல்லாம் வெள்ளை. அதையும் கறுப்பு நூலால் தைத்திருந்தது. பாவம், மண்டோர் வீட்டில் ஒரு வெள்ளைப் பொத்தானுக்கு வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். மற்றவர்கள் பார்த்தால் அந்த மனுஷருக்கு அவமானம் என்று, பொத்தான் உள்ளே போகும்படி சட்டையை மடித்து வைத்து அளந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசு, இல்லையா? அந்த நல்ல மனசைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தைத்து முடித்துச் சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். விளிம்போடு விளிம்பு அப்படியே பொருந்தி நின்றது. டீச்சர் அடுக்கைப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார். எல்லாம் ஒரே அளவா என்றார்.

"எல்லாம் ஒரே லயத்துக் கஞ்சி குடிச்சு வளர்ந்த உடம்பு டீச்சர்" என்றாள் கண்ணம்மா.

போட்டுப் பார்க்க ஆட்கள் முன்னாலேயே வந்திருக்கலாம். வரவில்லை. ஊர்வலம் போகிற ரோட்டைச் செப்பனிடுகிற வேலையே அவர்கள் தலையில்தான் இருந்தது. ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் வேலை முடிந்து, குளித்து, தலை வாரிக்கொண்டு வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. பெண்கள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

முதலில் தியாகு என்கிற ஒல்லிப் பையன் போட்டான். பையன் என்றால் மீசை முளைத்த வாலிபன்தான். கை வெளியே வரவே இல்லை. சட்டைக் கை தொங்க, முனை முட்டியைத் தொட்டது. யாரோ சிரித்தார்கள். அடுத்தவர் போட்டார். அவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும். சிரிப்பு அடங்கிப்போயிற்று. சின்னப்பா என்று ஒரு கனத்த மனுஷர், அவருக்கு நேர் எதிராக, மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தும் பொத்தான் ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"என்னா தையல் இது!" மண்டோர் கத்தினார். "நாளைக்குக் காலையில ஊர்வலம்! ஊர் முன்னால எங்கள சோளக்கொல்லைப் பொம்மையாட்டம் நிக்க வைக்கவா? பொம்பளைங்க கையில கொடுத்தது என் புத்தி!"

பூங்காவனத்தின் காதில் மண்டோர் சத்தம் விழவில்லை. பின்வாசலில் இடுப்பில் பிள்ளையோடு சீதா நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. தன் நூலை எடுத்து, தான் தைத்த சட்டையின் மேல் வைத்துப் பார்த்தாள். முடிச்சு சரியாக இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் தன் நூலை வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. தையலில் தப்பில்லை, அளவிலும் தப்பில்லை. அப்புறம் எங்கே தப்பு?

அந்த நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் தேவதாஸ் கிராணி. ஓர் ஆபீசில் எழுத்து வேலை அவருக்கு. இந்த ஆட்களோடு அதே லயத்தில்தான் குடியிருந்தார். நல்ல உயரம், நீளக் கை, அகன்ற தோள். ஊர்வலத்தில் முன்னால் தூக்கிப் போகிற பதாகைக்கு ஓரம் அடித்துத் தரச் சொல்லிக் கேட்க வந்தவர்.

கண்ணம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்ணே, சின்னப்பா அண்ணன் சட்டைய நீங்க ஏன் போட்டிருக்கீங்க?"

"என்னம்மா சொல்ற? இது என் சட்டை."

"இல்ல, இல்ல" என்றாள் தனலட்சுமி என்கிற இன்னொருத்தி. "அது தியாகு தம்பியோடது. நான்தானே அளவெடுத்தேன். அந்தப் பழுப்புப் பொத்தான் எனக்குத் தெரியாதா?"

"பழுப்புப் பொத்தான் நானும் பார்த்தேன்!"

"எனக்கு வந்த சட்டையிலயும் இருந்திச்சே!"

பூங்காவனம் மெதுவாகச் சொன்னாள்: "அது மண்டோர் அண்ணன் சட்டை."

பெண்கள் எல்லோரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். அந்தப் பொத்தானை அவர்களில் பார்க்காதவர் ஒருத்தருமில்லை. பாவம், இல்லாதப்பட்டவர், நாம் சொன்னால் அவமானப்படுவாரே என்று ஒவ்வொருத்தியும் உள்ளே மடித்து மறைத்திருக்கிறாள். ஒருத்திக்காவது மனசில் கொஞ்சம் ஈரம் குறைந்து, "பாருங்கடி இந்தப் பொத்தானை" என்று அன்றைக்கே சிரித்திருந்தால் விஷயம் அப்போதே வெளியே வந்திருக்கும்!

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். தேவதாஸ் கிராணிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

"அடப் பாவிங்களா! பொண்ணு பார்க்கப் போறேன்னு சொல்லித்தானே தியாகு வாங்கினான். மாமியார் வீட்ல விசேஷம்னு சின்னப்பா. மண்டோர் பெரிய தொரையப் பார்க்கணும்னார். எல்லாரும் நல்லாயிருங்கன்னு துவைச்சுத் துவைச்சுக் கொடுத்தேனே! எத்தனை சாயந்தரம் வெறும் பனியனோட வீட்ல உக்காந்திருந்தேன் தெரியுமா?"

கண்ணம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தமிழ் தெரியாத டீச்சர் என்ன என்ன என்று கேட்க, அவள் சிரிப்புக்கு நடுவே மலாயில் சொல்ல, டீச்சரும் கெபாயா ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சின்னப்பா மட்டும் சிரிக்கவில்லை. போடவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் அந்தச் சட்டைக்குள் நின்றபடி சொன்னார்: "எங்க சட்டையப் பார்த்திருக்கியா தங்கச்சி? முன்னால தாரு, பின்னால ஓட்டை. அத எப்படிப் பொம்பளைங்க கையில கொண்டாந்து கொடுக்கறது? நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு அளக்கறதுக்கா?"

பூங்காவனம் மண்டோரைப் பார்த்தாள். அவருடைய சட்டையும் தொடை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கத்தினவர் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் கடைசியில். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது.

டீச்சர்தான் பதில் சொன்னார். எழுந்து வந்து, தொங்கிய ஒரு சட்டைக் கையைத் தூக்கிப் பிடித்தார். "பெசார் போலே கெச்சில்." பெரியதைச் சின்னதாக்கலாம். சின்னதைப் பெரியதாக்கத்தான் முடியாது.

எவ்வளவு பெரிய நிம்மதி பாருங்கள்! இருந்தவர்களிலேயே உயரமான ஆளின் சட்டையைத்தான் எல்லோரும் இரவல் வாங்கியிருந்தார்கள். குள்ளமான ஒருத்தரிடம் வாங்கியிருந்தால் அன்றைக்குக் கதை அங்கேயே முடிந்திருக்கும். பூங்காவனத்துக்கு மூச்சு வந்தது. கையை முழங்கை வரைக்கும் வெட்டி அரைக்கை ஆக்கலாம். கீழே ஏற்றி மடிக்கலாம். பக்கத்துத் தையலைப் பிரித்து இறுக்கலாம். காலர் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும், இருக்கட்டும், வெயில் நாள்தானே.

"சின்னப்பா அண்ணனுக்கு?" என்றாள் தனலட்சுமி.

"மத்தவங்க கையில வெட்டற துணி இருக்குதே" என்றாள் பூங்காவனம். "ரெண்டு பக்கமும் பட்டை வச்சுக் கொடுப்போம்."

எல்லாம் சரி. ஆனால் எவ்வளவு வெட்டுவது, எங்கே பிடிப்பது? இரவல் சட்டைக்கு இனி வேலையில்லை. ஆள்மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும். டேப்பு பலகை மேல் கிடந்தது. பெண்கள் அதைப் பார்த்தார்கள், ஆண்கள் வாசலைப் பார்த்தார்கள்.

பூங்காவனம் போய் டேப்பை எடுத்தாள். கழுத்தில் போட்டுக்கொண்டாள். வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு நேராக மண்டோர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, கையத் தூக்குங்க."

மண்டோர் ஒரு அடி பின்னால் போனார். "இது... நல்லா இருக்குமா தங்கச்சி? நாலு பேரு நாலு விதமா..."

அவள் குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அண்ணே, என் மக தெங்கேராவுல அடுத்தவங்க வீட்ல பிள்ளை தூக்கிக்கிட்டு நிக்கிறா. இந்த மெஷினு இங்க இருந்தாத்தான் அவ என்கிட்ட வருவா. இந்தச் சட்டை சரியா வந்தாத்தான் மெஷினு இங்க இருக்கும். பேசற நாலு பேரு என் மகளக் கொண்டாந்து விடப் போறாங்களா? கூடப் பொறந்தவன் எனக்குக் கிடையாது. இருந்திருந்தா அவனுக்கு அளவெடுக்க மாட்டேனா? நில்லுங்க."

மண்டோர் நின்றார். கோயிலில் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். அவள் மார்பைச் சுற்றி டேப்பை வைத்தாள், தோளில் பிடித்தாள், பக்கத்தில் குண்டூசி குத்தினாள். உலகம் இடிந்து விழவில்லை.

"ஆச்சுண்ணே. கழட்டிக் கொடுங்க."

அப்புறம் என்ன? மடை திறந்த மாதிரிதான். இங்கே ஒருத்தி "அண்ணே, திரும்புங்க" என்றாள், அங்கே ஒருத்தி "தம்பி, மூச்ச விடு" என்றாள். கண்ணம்மா தியாகுவை நிறுத்தி வைத்துக்கொண்டு, "அண்ணன்னு கூப்பிடுவேன், தம்பின்னு கூப்பிடுவேன், மாமான்னு மட்டும் கூப்பிட மாட்டேன், யாரும் ஏங்கிப் போயிடாதீங்க" என்றாள். தியாகு சிரித்த சிரிப்பில் குண்டூசி குத்திக்கொண்டது. மூன்று மெஷினும் மழை மாதிரி ஓடின. தேவதாஸ் கிராணி எல்லோருக்கும் காப்பி வாங்கி வந்தார். அன்றைக்கும் பனியனோடுதான், அவர் சட்டையைக் கண்ணம்மா பிடுங்கி வைத்து அந்தப் பழுப்புப் பொத்தானை மாற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒவ்வொரு மெஷினாகப் போய், இந்தத் தடவை "பெலான்-பெலான்" என்று சொல்லவே இல்லை. "செப்பாட், செப்பாட்" என்றார். சீக்கிரம், சீக்கிரம்!

கோயிலில் சாயங்கால மணி அடித்தபோது சின்னப்பாவின் சட்டையில் கடைசிப் பொத்தானைப் போட்டு நூலைக் கடித்தாள் பூங்காவனம்.

மறுநாள் ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனை கூட்டம், எத்தனை கொடி! ரோட்டைப் போட்டவர்கள் தாங்கள் போட்ட ரோட்டின் மேலேயே வெள்ளை வெளேரென்று நடந்து வந்தார்கள். பெண்கள் ஓரத்தில் நின்று தங்கள் தங்கள் சட்டையைத் தேடினார்கள். ஆளைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்கள். "அந்தா என் காலரு, அந்தா என் காலரு" என்று தனலட்சுமி குதித்தாள். சின்னப்பா சட்டையின் இரண்டு பக்கத்திலும் வைத்த பட்டை, வேண்டுமென்றே அழகுக்கு வைத்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சீனக் கிழவர் அதைக் காட்டி, இது எந்தக் கடையில் தைத்தது என்று கேட்டாராம். கேட்டாரோ இல்லையோ, கண்ணம்மா அப்படித்தான் சாகிறவரைக்கும் சொன்னாள்.

சங்கத் தலைவி அம்மாவும் பார்த்தார். ஊர்வலம் முடிந்து வகுப்புக்கு வந்தபோது மண்டோர் அங்கே முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிச் சுருள், இந்தத் தடவை பத்திரிகைத் தாள் சுற்றவில்லை. தார் பிடித்து, தோளில் கிழிந்து, வியர்வை வாடை அடிக்கிற ஒரு காக்கிச் சட்டை. அதை அப்படியே பலகை மேல் வைத்தார்.

"இதுதான் என் சட்டை தங்கச்சி. இதுக்கு ஒட்டுப் போட்டுக் கொடு. என் ஆளுங்க எல்லாரும் அவங்கவங்க சட்டையக் கொண்டாருவாங்க. வேலைக்குப் போட்டுக்கப் புதுசும் வேணும். இனிமே எங்க துணியெல்லாம் இங்கதான்."

பூங்காவனம் மூக்கைப் பொத்தவில்லை. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கிழிசலைத் தடவிப் பார்த்தாள்.

தலைவி அம்மா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மெஷின்களைப் பார்த்தார். "சரி" என்றார் தலைவி அம்மா. "குருபோங்குக்கு வேற மெஷின் பார்த்துக்கறோம். இது இங்கயே இருக்கட்டும்."

கண்ணம்மா பக்கத்தில் இருந்த மெஷினை அணைத்துக்கொண்டு அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

தெங்கேராவுக்குப் பூங்காவனம் உடனே ஓடவில்லை, கண்ணுங்களா. வேலை நிலைக்கிறதா என்று கொஞ்ச நாள் பார்த்தாள். அந்த வீட்டாருக்கும் வேறு ஆள் பார்க்க அவகாசம் கொடுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்வாசலைத் தட்டினாள். சீதா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

"மெஷினு நம்மளுதாயிடுச்சாம்மா?"

"எல்லாருக்கும் சேர்த்து நம்மளுது. உன் துணிய எடுத்துக்க."

அந்த வீட்டு அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் கொடுத்தார். சீதா அம்மாவிடம் வந்தாள், இந்தத் தடவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அறைக்கு வந்ததும் பூங்காவனம் பெட்டியைத் திறந்து, தைத்து வைத்திருந்த கவுனை எடுத்தாள். போட்டுப் பார்த்தால் முட்டிக்கு மேலே நின்றது, தோள் இறுக்கிப் பிடித்தது. பழைய கவுனின் அளவுதானே? பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாள். அடுத்தவர் வீட்டில், தன் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துவிட்டாள். உடம்பு வேறே, சட்டை வேறே என்று டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது.

ஆனால் அழுவதற்கு அன்றைக்கு என்ன இருக்கிறது? பிள்ளைதான் பக்கத்திலேயே நிற்கிறாளே. கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"கையத் தூக்குடா கண்ணு."

சீதா கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரிக்க, தோளை அளந்தாள், மார்பை அளந்தாள், நீளத்தை அளந்தாள். அளந்த இடத்தையே இன்னொரு தடவை அளந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை அவளுக்கு.

அவ்வளவுதான் என் கதை. எழுந்திரிக்கிறதுக்கு முன்னால் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் யாரும் கிழிந்த சட்டையை ஒளித்து வைக்கிற நிலை வராமல் இருக்கட்டும். அப்படியே வந்தாலும், அதை மடியில் வாங்கி வைத்துத் தைத்துக் கொடுக்க ஒரு கை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் கையில் எப்போதும் ஒரு தொழில் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்கள் கண் முன்னாலேயே வளரட்டும். போன வருஷத்துக் கவுன் இந்த வருஷம் போதாமல் போகட்டும். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க.